ஒரு கொக்கிக்கு 20 ஆண்டு உரிமை

திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஆரியங்காவு மலைப்பாதைக்குச் சுமை ஏற்றிப் போகிற லாரிகளும், அங்கிருந்து இறங்கி வருகிற லாரிகளும் இரவு பகல் பாராமல் ஓடுகிற சாலை. வழியில் படுத்துவிட்ட வண்டியை இழுத்துவர ஒரு கயிறோ சங்கிலியோ வேண்டும். அதை மாட்ட வண்டியின் முன்னாலோ பின்னாலோ ஒரு கொக்கி வேண்டும். கம்பெனி போட்டுக் கொடுத்த கொக்கி சரிப்படவில்லை என்றால், சாலையோரத்து லேத் பட்டறையில் வேறொன்று தயாராகும். தகடு வெட்டி, கம்பியைக் காய்ச்சி வளைத்து, வெல்டிங் வைத்து, சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்த ஒன்று மற்றதைவிட நன்றாக உழைத்தால், பட்டறைக்காரரிடம் யாராவது சொல்வார்கள்: “இதுக்கு பேடன்ட் வாங்கிடுங்கண்ணே, நாளைக்கு இன்னொருத்தன் காப்பியடிச்சிடுவான்.” அந்த யோசனையை நம்பிக் காகிதம் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும், “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்ற கேள்வியோடு ஓர் அறிக்கை திரும்பி வரும். சிறிய பட்டறைகளைக் கழித்துக்கட்டவே இந்தக் கேள்வி என்றொரு மனக்குறை நம்மிடம் உண்டு. என் கணிப்பு நேர்மாறானது. பட்டறைகள் பயமின்றித் தொழில் நடத்துவதற்கு இருக்கிற பெரிய பாதுகாப்பே அந்தக் கேள்விதான்.

கொக்கியை அற்பமான பொருள் என்று தள்ளிவிட முடியாது. சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது கயிற்றில் ஏறும் விசை, சமதரையில் நிதானமாக இழுக்கும்போது ஏறுவதைவிடப் பல மடங்கு அதிகம். வெல்டிங் பலமில்லை என்றால் கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து, இழுக்கிற வண்டியின் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்துவிடும். இதில் உயிர் போவதும் உண்டு. நேராக இழுக்கும்வரை தாங்குகிற கொக்கி, வளைவில் பக்கவாட்டாக இழுத்தால் மடங்கும். கொக்கி மடங்காத அளவுக்குத் தடியாக இருந்தால் சேசிஸ் மடங்கும். கார்களில் பம்பர் மூடியைக் கழற்றித் திருகிப் பொருத்தும் வளையம் டூல்ஸ் பெட்டியில் கிடக்கும். பல ஐரோப்பியக் கார்களில் அதற்கு இடது புரி. அது தெரியாமல் வழக்கமான பக்கம் திருகிப் புரியைக் கெடுப்பவர்கள் உண்டு. துருவேறிப் புரி பிடிக்காமல் போவதும் உண்டு. இத்தனை சிக்கல் இருப்பதால்தான் உலகம் முழுக்க இதற்குத் தீர்வு தேடி விண்ணப்பங்கள் குவிந்திருக்கின்றன. பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் வண்டி இணைப்பு, இழுவைச் சாதனங்களுக்கென்றே ‘பி60டி’ என்று தனிப் பிரிவு இருக்கிறது. கொக்கிக்கு, பந்துமுனை இணைப்புக்கு, இழுவைக் கயிற்றுக்கு என்று அதற்குள்ளும் கிளைகள் போகின்றன. கிண்டியில் இருக்கும் ஆய்வாளர் முதலில் தேடுகிற இடம் அதுதான். ஆனால் காகிதத்தில் ஏறியது மட்டும்தான் அவருக்குக் கணக்கு என்று நினைக்கக் கூடாது. மக்கள் பார்க்கப் பயன்பட்டதும் ‘முன்பே இருப்பது’தான். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரை வடம் பிடித்து ஆயிரக்கணக்கானவர்கள் இழுக்கிறார்கள். பாரத்தோடு வடத்தைப் பிணைத்து இழுக்கும் வித்தையைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் யாராலும் முடியாது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனிநபரோ, சிறு நிறுவனமோ, ஸ்டார்ட்அப்போ ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு 8,000. விண்ணப்பித்த 18 மாதம் கழித்து அது அலுவலக இதழில் வெளியாகும். விண்ணப்பம் போட்டாலே ஆய்வு நடந்துவிடாது. ஆய்வு செய்யுங்கள் என்று தனியாகக் கேட்டு, தனிநபருக்கு 4,000 ரூபாய் என்ற வீதத்தில் மறுபடி பணம் கட்ட வேண்டும். இதற்கு முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்த விதித் திருத்தம் புதிய விண்ணப்பங்களுக்கு அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டது. தேதி தவறினால் விண்ணப்பம் தானாகவே திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். பணம் கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தே உரிமையைத் தொலைக்க இது ஒரு வழி. ஆய்வாளர் தேடிப் பார்த்துத் தன் ஆட்சேபங்களை முதல் ஆய்வறிக்கையாக அனுப்புவார். பதில் சொல்ல 6 மாதம். கேட்டு வாங்கினால் இன்னும் 3 மாதம். அதன் பிறகும் தீராவிட்டால் நேர்விசாரணை. உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, அதுவும் மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே வந்தால்.

விஷயம் சூடுபிடிப்பது ஆய்வறிக்கையில்தான். எடுத்துக்காட்டுக்கு ஒரு கொக்கியை நாமே கற்பனை செய்து பார்ப்போம். விண்ணப்பத்தின் முதல் கோரிக்கை இப்படி இருக்கிறது: ‘சேசிஸில் பொருத்தும் அடித்தகடும், அதிலிருந்து நீளும் வளைந்த தண்டும், கயிறு நழுவாமல் தடுக்கும் ஸ்பிரிங் நாக்கும் கொண்ட இழுவைக் கொக்கி.’ இது அன்றைக்கே விழும். ஸ்பிரிங் நாக்கு வைத்த கொக்கி ஒவ்வொரு கிரேனிலும் தொங்குகிறது. அடித்தகடு ஒவ்வொரு லாரியிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்ததுதானே புதுமை என்று வாதாடினால், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவை ஆய்வாளர் எடுத்து வைப்பார். தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தெரிந்த விதத்தில் தன்தன் வேலையை மட்டும் பார்க்கும்படி அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. நாலு போல்ட்டுக்குப் பதில் ஆறு போல்ட், தகட்டின் கனத்தில் 2 மில்லிமீட்டர் கூடுதல் என்று திருத்தினாலும் கதை மாறாது. இப்போது இன்னொரு கொக்கி. இதில் அடித்தகடு ஒரு பின்னின் மேல் திரும்புகிறது. கயிறு பக்கவாட்டாக இழுக்கும்போது கொக்கியும் அந்தப் பக்கம் திரும்பி மடங்காமல் தப்புகிறது. அந்தத் திருப்பமே ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளி நாக்கைப் பூட்டுகிறது. பக்கவாட்டு இழுப்பு கூடக் கூட நாக்கு இன்னும் இறுகுகிறது. முன்பு ஆபத்தாக இருந்த விசை இப்போது காவலுக்கு நிற்கிறது. பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன; 3(எஃப்) இங்கே பொருந்தாது. இதற்கு முன் யாரும் இப்படிச் செய்யவில்லை என்றால், ஆய்வாளரோடு வாதாட விண்ணப்பதாரரிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் கிடைக்கிற உரிமை அந்த நெம்புகோல் ஏற்பாட்டுக்கு மட்டும்தான்; கொக்கி என்ற பொருளுக்கு இல்லை. அந்த நெம்புகோலை முதல் விண்ணப்பத்திலேயே விவரித்திருக்கவும் வேண்டும். ஆய்வறிக்கை வந்த பிறகு ஞாபகம் வந்து சேர்க்கச் சட்டம் விடாது.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். கொக்கி வழக்கில்லை, ஆனால் ராஜபாளையத்து லேத் பட்டறைக்கு இதைவிட நெருக்கமான வழக்கு இந்தியச் சட்ட வரலாற்றில் கிடைப்பது அரிது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கடைசல் பிடிக்கும்போது பாத்திரம் இயந்திரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து தொழிலாளியைக் காயப்படுத்துவது வழக்கம். அதைத் தடுக்க, பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்பை இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் செய்து, 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமையும் வாங்கியது. அதே ஊரின் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனம் அதே முறையைப் பயன்படுத்துகிறது என்று வழக்குப் போட்டது. ஒற்றை நீதிபதி காப்புரிமை செல்லாது என்றார். மேல்முறையீட்டில் அமர்வு செல்லும் என்றது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று முடித்துவைத்தது. தெரிந்த பொருளில் செய்யும் மேம்பாடு, பட்டறையில் சாதாரணமாக நடக்கும் திருத்தத்தைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பது நீதிமன்றம் வைத்த அளவுகோல். அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவர், பழைய அறிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, புதிய தீர்வைப் பற்றி எதுவும் தெரியாமல் அதே சிக்கலை எதிர்கொண்டால், அவரும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பாரா? வந்திருப்பார் என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. பின்னர் சட்டத்திலேயே, கைதேர்ந்தவருக்கு வெளிப்படையாகத் தெரியாததாக இருக்க வேண்டும் என்ற வரையறை ஏறியது. கொக்கி விண்ணப்பத்துக்கு வருகிற ஆட்சேபத்தின் வேர் இங்கேதான்.

இனி இந்தக் கேள்வியை ஆய்வாளர் கேட்கவே மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சொன்ன ‘தகடு, தண்டு, நாக்கு’ கோரிக்கைக்கு உரிமை கிடைத்துவிடுகிறது. உரிமை பெற்றவர் அனுமதிக்காமல் அப்படிப்பட்ட கொக்கியைச் செய்யவோ, விற்கவோ, பயன்படுத்தவோ இந்தியா முழுக்க யாருக்கும் 20 ஆண்டுக்கு உரிமை இல்லை. தானாகவே யோசித்துச் செய்தேன் என்பது வழக்கில் விடையாகாது. பார்த்துச் செய்தவரும் பார்க்காமல் செய்தவரும் மீறியவர்களே. ஒரே மாதிரி சிக்கலுக்கு ஒரே மாதிரி தீர்வைத் தினமும் நூறு பட்டறைகள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் தொழிலில் இதன் பொருள் என்ன? வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் கட்டுப்படியாகாமல் கடையை மூடுவதுதான். வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்கு மிர்சாபூரே சாட்சி. அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 16 ஆண்டு. தீர்ப்போ 27 ஆண்டு கழித்து வந்தது. பெரிய நிறுவனங்களுக்கும் இதுதான் கதி. இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்கு பஜாஜ் 2005இல் காப்புரிமை பெற்றது. 2007இல் டி.வி.எஸ். ‘ஃபிளேம்’ பைக்கை அறிவித்ததும் மோதல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2008இல் தடை, 2009இல் அமர்வு தடையை நீக்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2019இல் சமரசம். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க அவர்களால் முடிந்தது. வாரச் சம்பளம் கொடுத்து நாலு பேரை வைத்து நடத்துகிற பட்டறையால் முடியாது. ஆகவே, பலவீனமான உரிமையை வாசலிலேயே நிறுத்துவது அரசுச் செலவில் நடக்க வேண்டும்; பட்டறைக்காரர் செலவில் நீதிமன்றத்தில் நடக்கக் கூடாது.

இதற்கு வருகிற முதல் மறுப்பு பலமானது. செய்து காட்டிய பிறகு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைத் திருத்துகிற வாத்தியாருக்கு எந்தக் கணக்கும் கஷ்டமில்லை; ஆய்வாளரும் அப்படித்தானே? உண்மை. இந்த ஆபத்தை உலகமே அறிந்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கே.எஸ்.ஆர். – டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் ஒரு வாகன உதிரிபாகத்தையே எடுத்து இதை அலசியது. இருக்கும் நிலையை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆக்ஸிலரேட்டர் பெடலில் மின்னணு உணர்கருவியைப் பொருத்தியதற்கான காப்புரிமை அது. இரண்டும் ஏற்கெனவே இருந்தவை, சேர்க்கும் தேவையும் சந்தையில் இருந்தது, எனவே இது வெளிப்படையானது என்று ஒருமனதாகத் தள்ளியது. அதே தீர்ப்பு, பின்னோக்கிப் பார்க்கும் கண்ணால் தீர்ப்பளிக்கும் சபலத்தையும் எச்சரித்தது. கைதேர்ந்த தொழிலாளிக்கும் கற்பனை உண்டு, அவர் இயந்திரம் இல்லை என்ற கருத்தும் அதில் இருக்கிறது. நம் பட்டறைகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பின்னோக்கிப் பார்க்கும் பிழைக்கு மருந்து, கேள்வியைக் கைவிடுவதில் இல்லை. ஆய்வாளர் தன் காரணத்தை எழுத்தில் வைப்பதில் இருக்கிறது. எந்த ஆவணம், அதில் எந்தப் பாகம், எதனால் ஒருவர் அதை இதோடு சேர்த்திருப்பார் என்று சொல்லச் செய்தால், விண்ணப்பதாரர் ஒவ்வொன்றாக மறுக்கலாம். ‘பார்த்தாலே தெரிகிறது’ என்பதோடு நிறுத்திவிடுகிற ஆய்வறிக்கையை நானும் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. ஆய்வாளர் தேடுவது ஆவணக் களஞ்சியங்களில். சாலையோரப் பட்டறையின் அறிவு எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. பத்து வருடமாக இங்கே செய்துகொண்டிருக்கும் ஒரு கொக்கியை, வெளியூர் நிறுவனம் அழகாக வரைபடம் போட்டு விண்ணப்பித்தால் ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. காப்புரிமை வழங்கியதாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை எனச் சட்டமே 13ஆம் பிரிவில் சொல்லிவைத்திருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான், விண்ணப்பம் இதழில் வெளியானதும் உரிமை வழங்கப்படுவதற்கு முன்பு எவரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம் என்று 25(1) பிரிவு இருக்கிறது. வழங்கிய பிறகும் ஓராண்டுக்குள், நலன் சார்ந்தவர்கள் எதிர்க்கலாம். இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தது என்பதே போதுமான காரணம். ஆனால் நிரூபிக்க வேண்டும். தேதி போட்ட பில், வேலைச்சீட்டு, வண்டி எண்ணோடு எடுத்த படம் ஆகியவைதான் சாட்சி. நம் பட்டறைகளில் இல்லாதவையும் இவையே. வருத்தம் என்னவென்றால், முன்பு இலவசமாக இருந்த முன்எதிர்ப்புக்கு 2024 திருத்தம் கட்டணம் வைத்துவிட்டது. வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறவர்களைத் தடுக்க என்று காரணம் சொல்லலாம். அடி விழுவது பட்டறைச் சங்கத்துக்கும்தான்.

அப்படியானால் சின்னச் சின்ன மேம்பாட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டாமா என்பது மூன்றாவது கேள்வி. ஜெர்மனி 1891 முதலே சிறு கண்டுபிடிப்புகளுக்கென்று குறுகிய கால, எளிய பதிவு முறை ஒன்றை வைத்திருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் உண்டு. இந்தியாவில் 2011இல் மத்திய அரசு ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டதோடு சரி, சட்டம் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆழ்ந்த ஆய்வில்லாமல் மலிவாகப் பதிவு கிடைக்கும் என்றால், ஆயிரம் பதிவுகளைப் போட்டுவைக்க ஆள் வைத்திருப்பவர்கள் யார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தோற்றத்துக்கு மட்டும் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு கிடைக்கும். 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். வேலைக்காக மட்டுமே அந்த வடிவம் என்றால் அதுவும் கிடைக்காது; கொக்கியின் வளைவு பெரும்பாலும் அந்த ரகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டைக் காட்டி, நமக்கும் அப்படி ஒன்று கேட்கலாமே என்பவர்கள் உண்டு. அந்தப் பதிவகமும் சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிற கேள்வி தலைகீழ். பால்கோவா எவ்வளவு காலமாக, இந்த ஊர் மண்ணோடும் பாலோடும் என்ன தொடர்போடு இருக்கிறது என்று அங்கே பழமைக்குச் சான்று கேட்பார்கள். கிடைப்பதும் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான உரிமை. கொக்கிக்கோ நேற்றுவரை இல்லை என்பதற்குச் சான்று வேண்டும்; கிடைப்பது ஒருவருக்கு. ஒன்றின் நியாயத்தை மற்றதற்குப் பொருத்த முடியாது.

இடையில் ஒன்று. காப்புரிமை கிடைத்தால் அந்தக் கொக்கியை எல்லா வண்டியிலும் மாட்டிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. அது பிறரைத் தடுக்கும் உரிமை. மாட்டுவதற்கான அனுமதி மோட்டார் வாகனச் சட்டத்தின் பாடு. 2017 டிசம்பரில் கார்களின் முன்னால் பொருத்தும் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது நினைவிருக்கும். பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கொக்கி நடந்து போகிறவரின் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதைக் காப்புரிமை ஆய்வாளர் பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

உண்மையிலேயே புதிய ஒன்றை யோசித்தவர் இழப்பது பெரும்பாலும் ஆய்வாளரால் இல்லை, அவசரத்தால். விண்ணப்பிக்கும் முன் நாலு வண்டிக்கு மாட்டி விற்றுவிட்டாலோ, வேலை செய்வதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டாலோ, அவருடைய கொக்கியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். பொதுவெளியில் சோதித்துப் பார்ப்பதற்கு ஓராண்டு சலுகை சட்டத்தில் இருந்தாலும், அது குறுகலான சலுகை. விற்பனையை அதற்குள் நுழைக்க முடியாது. எனவே பட்டறை நடத்துகிறவர்களுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவே. முதலில் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலிலும் ஐரோப்பிய அலுவலகத்தின் ‘எஸ்பாஸ்நெட்’டிலும் ‘பி60டி’ பிரிவைப் புரட்டிப் பாருங்கள். இரண்டும் இலவசம், படங்களைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். உங்கள் கொக்கி அங்கே ஏற்கெனவே இருந்தால், அந்த உரிமை இந்தியாவில் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கவலையில்லாமல் செய்து விற்கலாம். அங்கே எங்கும் இல்லாத கொக்கி என்றால், தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பம் போடுங்கள். முழு விவரம் கொடுக்க அதன் பிறகு 12 மாதம் இருக்கிறது. கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு வீடியோ போடுங்கள்.